சிகாமணியின் பனியன்

புலவன்மேட்டில் யாரிடமும் நேருக்கு நேர் "நீ வேண்டாம்" என்று சொல்லும் வழக்கம் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பிடிக்காவிட்டால் ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு பஜ்ஜியைச் சாப்பிட்டுப் போவார்கள், வேலை கேட்டு வந்தவனிடம் இல்லை என்று சொல்ல நா எழாமல் வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு பண்ருட்டிக்குப் போய்விடுவார்கள், பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றவனிடம்கூட இரண்டு நாள் கழித்துத்தான் பேப்பரைக் காட்டுவோம். அவ்வளவு நல்லவர்கள் நாங்கள், அல்லது அவ்வளவு கோழைகள், எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட ஊரில் கபடிக் குழுவிலிருந்து ஒருவனை எடுப்பது என்றால் லேசில் ஆகிற காரியமா? அதற்காக எங்கள் முன்னோர் கண்டுபிடித்ததுதான் மாசி மாதத்துப் பனியன்.

பொங்கல் போட்டிகள் முடிந்து, முந்திரி பூவெடுத்து, மாசிமகத்துக்குச் சாமி கடலுக்குப் போய்த் திரும்பிய மறுநாள் சாயங்காலம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் முந்திரித்தோப்பை ஒட்டிய செம்மண் களத்தின் நடுக்கோட்டில், மின்னல் பிரதர்ஸ் குழுவின் மேனேஜர் துவைத்த பனியன்களை முதுகில் எழுதிய பெயர் தெரியும்படி வரிசையாகப் போட்டு வைப்பார். தன் பெயரைக் கண்டவன் குனிந்து களத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பனியனை எடுத்துத் தலைவழியே மாட்டிக்கொள்வான். மாட்டிவிட்டால் அடுத்த மாசி வரை அவன் மின்னல் பிரதர்ஸ் ஆள், பெற்ற தகப்பன் வந்து கூப்பிட்டாலும் மேனேஜரே மனம் மாறினாலும் அதை மாற்ற முடியாது. தன் பெயரைக் காணாதவன் வரிசையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஒருமுறை பார்த்துவிட்டு, வீட்டில் ஏதோ வேலையை மறந்துவந்தவன்போலத் திரும்பி நடப்பான். யாரும் கூப்பிட மாட்டோம். மறுநாள் டீக்கடையில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவோம்.

அந்தக் குழுவில் இடது மூலையில் நிற்கிற இடது கார்னர் சிகாமணி. முழுப்பெயர் தெய்வசிகாமணி, முந்திரிக்கொட்டை ஏற்றும் லாரியில் மூட்டை தூக்குகிறவன், வாயைத் திறந்தால் இரண்டு வார்த்தைக்கு மேல் வராது, ஆனால் கபடி பாடி வருகிற எதிரணிக்காரன் அவன் பக்கம் காலை நீட்டினால் அந்தக் கால் திரும்பிப் போகாது. கணுக்காலைப் பிடித்தான் என்றால் பிடித்ததுதான். மற்றபடி எங்கள் குழு கோப்பை கண்ட குழு இல்லை. ஒவ்வொரு வருஷமும் அரையிறுதி வரை போய் நொண்டிக்கொண்டு திரும்பி வருகிற குழு, சிகாமணி ஒருத்தனால்தான் அதுவரையாவது போனது என்பது எங்களுக்கும் தெரியும்.

சிகாமணி செத்தது காணும் பொங்கலன்று, இறுதிப்போட்டியில். முதல்முறையாக இறுதிக்குப் போயிருந்தோம். ஆட்டத்தின் நடுவில் அவனை எதிரணிக்காரன் தொட்டுவிட்டுப் போய்விட்டான், அவன் அவுட். அவுட்டானவன் கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும், தன் குழு ஒரு புள்ளி எடுத்ததும் முதலில் வெளியே போனவன் முதலில் எழுந்து உள்ளே வரலாம் என்பதும் கபடி பார்த்த குழந்தைக்கும் தெரியும். சிகாமணி முழங்காலைக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். எங்கள் ஆள் ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தான், நடுவர் விசில் ஊதி சிகாமணி பக்கம் கையைத் தூக்கி எழுந்து வரச் சொன்னார், அவன் எழவில்லை. தோற்கிற வருத்தத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று கேப்டன் நினைத்தான். இரண்டாவது முறை நடுவர் கையைத் தூக்கினார். பிறகு அவன் தம்பி ஓடிப்போய்த் தோளைத் தொட்டபோதுதான், உட்கார்ந்த வாக்கிலேயே அவன் உயிர் போயிருந்தது தெரிந்தது. கோப்பை எதிரணிக்குப் போனது, நாங்கள் சிகாமணியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம்.

ஒரு மாதம் கழித்து மாசிமகம் வந்தது. மேனேஜர் தணிகாசலம், உரக்கடை வைத்திருக்கிறவர், வாயில் வெற்றிலை இல்லாத நேரத்தில் கண்ணீர் விடுகிறவர், பனியன்களைப் போடும்போது சிகாமணியின் பனியனைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அதைப் போடாமல் விட்டால் அந்தக் களத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு, நீ வேண்டாம் என்று அர்த்தம். செத்து ஒரு மாதமே ஆனவனைப் பார்த்து அப்படிச் சொல்ல எந்த மனுஷனுக்கு மனம் வரும்? ஆகவே அதையும் போட்டார். எடுக்க ஆளில்லாமல் அது கிடக்கும், கடைசியில் அதை மடித்து மாலை போட்டு மாட்டி வைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. எங்கள் ஊர்க்காரன் செய்யக்கூடிய தப்பு அது. வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருத்தன், செத்தவனுக்கு எதற்குப் பனியன் என்று கேட்டிருப்பான்.

கேப்டன் எடுத்தான், வலது கார்னர் எடுத்தான், பாடுகிறவர்கள் எடுத்தார்கள், எல்லாரும் மாட்டிக்கொண்டு நின்ற பிறகு முந்திரித்தோப்பிலிருந்து சிகாமணி வந்தான். குனிந்து களத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பனியனை எடுத்து மாட்டிக்கொண்டு இடது மூலையில் போய், ஒரு காலை முன்னே வைத்து, கையைத் தொங்கவிட்டு, எப்போதும் நிற்கிறபடி நின்றான். பிறகு கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாரும் களத்தைச் சுற்றி ஓடலாம் என்றான், ஓடினார்கள், சிகாமணியும் ஓடினான். நடுவர் எழுந்து வரச் சொல்லிக் கையைத் தூக்கியது தூக்கியதுதானே, அதை யாரும் இறக்கவில்லையே, அவன் எழுந்து வந்திருக்கிறான் என்று வேலிக்கு வெளியே நின்ற ஒரு பெரியவர் சொன்னார். எங்களுக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்கு முன்னால் இருந்ததெல்லாம் சில்லறை விவகாரங்கள். ஆட்டத்துக்கு முன் எடை பார்ப்பார்கள், சிகாமணியை மெஷினில் ஏற்றினால் முள் அசையவே இல்லை. எண்பத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது என்றுதான் விதி, ஒன்றுமே இல்லாமல் இருக்கக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை என்று தணிகாசலம் வாதாடி ஜெயித்தார். ஆதார் அட்டை கேட்டார்கள், அது இருந்தது. அவன் பிடித்த கணுக்கால் ஒரு வாரம் சில்லிட்டுப் போய்விடுகிறது என்று எதிரணிக்காரர்கள் புகார் சொன்னார்கள், வெந்நீர் ஊற்றிக்கொள்ளச் சொன்னோம். அவன் யாரோடும் பேசுவதில்லை, யார் முகத்தையும் பார்ப்பதில்லை, கால்களை மட்டும்தான் பார்ப்பான், ஆட்டம் முடிந்ததும் பனியனைக் கழற்றி வேலிக்கம்பில் போட்டுவிட்டு வேலிக்குக் கீழே குனிவான், நிமிரும்போது அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். சண்டை கிடையாது, பிரியாணி கேட்பது கிடையாது, கல்யாணம் காதுகுத்து என்று பயிற்சிக்கு மட்டம் போடுவது கிடையாது. அந்த வருஷம் நாங்கள் போன ஊரிலெல்லாம் கோப்பை வாங்கினோம். தணிகாசலம் உரக்கடையில் மூட்டைகளை நகர்த்திவிட்டுக் கோப்பைகளுக்கு அலமாரி அடித்தார்.

சிகாமணியின் பெண்டாட்டி அஞ்சலாட்சி முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் வேலை செய்கிறவள். அந்த வேலை செய்கிறவர்களுக்குக் கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும், எந்த சோப்புக்கும் போகாது. புருஷன் திரும்ப வந்திருக்கிறான் என்று யாரோ ஓடிவந்து சொன்னபோது கையைக்கூடத் துடைக்காமல் களத்துக்கு ஓடினாள். வேலியைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அதுவரை ஒருநாளும் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. அவன் திரும்பவில்லை. மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள், கொட்டகை விட்டதும் நேராக வந்து வேலியோரம் நிற்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது, அவள் நிற்பதைப் பார்ப்பது எங்களுக்கும் பழக்கமாகிவிட்டது. அவள் நிற்கிற இடத்துக்கு நேராக யாரும் சைக்கிளை நிறுத்த மாட்டோம், அதுதான் நாங்கள் அவளுக்குச் செய்த மரியாதை.

அவரவர் வீட்டுப் பிள்ளையின் பனியனை அவரவர் வீட்டில்தான் துவைக்க வேண்டும் என்பதால், வேலிக்கம்பில் கிடப்பதை அஞ்சலாட்சி எடுத்துப் போவாள். முதல்நாள் அதை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். வேர்வை வாடை இல்லை, மண் வாடை இல்லை, கடையிலிருந்து வாங்கி வந்த துணிக்குக்கூட ஒரு வாசனை இருக்கும், அதுவும் இல்லை. அழுக்கே படாத அந்தப் பனியனை அவள் வருஷம் முழுக்க ஊறவைத்து, சோப்புப் போட்டு, கும்மி, அலசிக் காயப்போட்டாள். இந்த ஊரில் அதைவிடத் துக்கமான வேலை ஒன்றை நான் பார்த்ததில்லை. இன்றைக்குத் திரும்பிப் பார்ப்பார், நாளைக்குப் பார்ப்பார், பார்த்தால் முதலில் சாப்பிட்டியா என்றுதான் கேட்பார், உயிரோடு இருந்தபோது லாரியிலிருந்து இறங்கியதும் அதைத்தான் கேட்பார் என்று கொட்டகையில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் கண் முன்னால்தான் அவன் இருந்தான். ஆனால் அவளுக்கு அவன் இல்லை.

வீட்டில் அவளோடு இருந்தவன் கொழுந்தன் கலியவரதன். அவள் கல்யாணமாகி வந்தபோது டவுசர் போட்டுக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டு திரிந்தவன், தாயில்லாப் பிள்ளை, அவள்தான் சோறு போட்டு ஆளாக்கினாள். அவனும் இடது கார்னர்தான். அண்ணன் விளையாடும்வரை மாற்று ஆளாக வெளியே உட்கார்ந்திருப்பது, அண்ணன் விட்டால் அந்த இடத்தில் நிற்பது, இதைத் தவிர வேறொரு எதிர்காலத்தை அவன் யோசித்துப் பார்த்ததே இல்லை. அண்ணன் செத்ததற்கு அடுத்த மாசியில் அவன் பனியன் ஆடுகிற ஏழு பேரோடு இருந்திருக்க வேண்டும். செத்தவன் வந்து நின்றதால் அவன் மறுபடி வெளியே உட்கார்ந்தான். அண்ணன் இருக்கிற இடத்துக்குத் தம்பி ஆசைப்படலாமா என்று அவனும் வருத்தத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

வருஷம் பாதி ஓடியது. தணிகாசலத்துக்கு ருசி கண்டுவிட்டது. முன்பெல்லாம் அவர் எந்தக் குழுவிலும் சேராத ஆட்டக்காரர்களைத் தேடி விழுப்புரம் சேலம் என்று அலைவார், நன்றாகப் பாடுகிற ஆட்டக்காரன் ஒருவன் பின்னால் மூன்று வருஷம் நாயாய் அலைந்தும் கடைசியில் அவன் பக்கத்து ஊர் அரிசி மில்காரன் குழுவில் சேர்ந்துவிட்டான். இப்போது அந்தத் தேடல் வேறு பக்கம் திரும்பியது. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை அவர் வண்டியை நிறுத்திப் படிக்கத் தொடங்கினார். போஸ்டரில் இருக்கிற பையன் பனியனோடு நின்றால், கையில் கோப்பை வைத்திருந்தால், அன்றைக்கே ஒரு கையில் மாலையும் மறு கையில் பழம் வெற்றிலைத் தட்டுமாக அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவார். செத்தவர்களை எந்தக் குழுவும் பிடித்து வைத்திருப்பதில்லை, கேட்கிறவன் கூப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்பார்.

ஒரு வீட்டில் விளக்குமாற்றால் அடித்தார்கள். இன்னொரு வீட்டில் பையனைப் பெற்றவள், தினமும் நான் வந்து பார்க்கலாமா என்று மட்டும் கேட்டுவிட்டு மகனின் பனியனைக் கொடுத்தாள். கெடிலம் ஆற்றங்கரையில் ஒரு வீட்டில் தகப்பன் அழுதுகொண்டே, எங்க புள்ள வலது பக்கந்தான் நிப்பான், இடது பக்கம் நிறுத்தப்படாது என்று கண்டிஷன் போட்டார், தணிகாசலமும் அழுதுகொண்டே ஒத்துக்கொண்டார். சில வீடுகளில் அரிசி மில்காரனின் ஆட்கள் முன்னாடியே வந்து தட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். துக்கம் கேட்க வருகிறவர்களில் யார் துக்கத்துக்கு வந்தவர், யார் பனியனுக்கு வந்தவர் என்று தெரியாமல் ஜனங்கள் திண்டாடினார்கள். இப்படியாகத் தை மாதத்துக்குள் மூன்று பேர், அவரவர் பனியனைக் களத்தில் போட்டதும் தோப்பிலிருந்து வந்து பயிற்சியில் சேர்ந்தார்கள். சிகாமணியோடு நான்கு. அவர்களுக்கு இடம் விடுவதற்காக யார் யார் பனியன் மாசியில் இருக்காது என்று எங்களுக்கெல்லாம் தெரியும், குழுவிலிருந்து எடுக்கப்படப் போகிறவர்களிடம் மழையைப் பற்றிப் பேச இப்போதே ஆரம்பித்திருந்தோம்.

கலியவரதனிடமும் பேசினோம். அவனுக்குப் புரிந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், ரசத்துக்குக் கையை நீட்டிக்கொண்டே சிரித்தான்.

"செத்தாத்தான் பனியன் கெடைக்கும்போல இருக்குது அண்ணி."

அவள் ரசத்தை ஊற்றினாள். ரசம் இலையைத் தாண்டி ஓடியது. அவன் வேடிக்கைக்குச் சொன்னான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் அவன் சாப்பிட்டுப் போனதும் முந்திரிக்கு அடிக்கிற மருந்து டப்பாவை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டுப் பரணில் வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து கொட்டகையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. அவன் வரப் பத்து நிமிஷம் தாமதமானால் தெருமுனைக்குப் போய் நின்றாள். அவன் கிணற்றடியில் நின்றால் அவளும் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது, களத்தில் அண்ணன் நிற்பதுபோல ஒரு காலை முன்னே வைத்துச் சுவரைப் பார்த்தபடி நிற்கப் பழகியிருந்தான், கூப்பிட்டால் திரும்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த வீட்டின் இரண்டாவது பிள்ளையும் தோப்பிலிருந்து நடந்து வருவதை அவள் மனக்கண்ணில் பார்த்துவிட்டாள்.

மாசிமகத்துக்கு முன்னால் உரக்கடைக்குப் போனாள். தணிகாசலம் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. இந்த வருஷம் என் வீட்டுக்காரர் பனியனைப் போடாதீங்க, அந்த இடத்தைத் தம்பிக்குக் கொடுங்க என்று கேட்டாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிகாமணியை வேண்டாமென்று சொல்ல நான் யாரம்மா என்றார், இந்தக் கோப்பையெல்லாம் யாருடையது என்று கேட்டார், கலியவரதன் நல்ல பையன்தான், ஆனால் அவன் பிடி மனுஷப் பிடி, நழுவுகிறது என்றார். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, அந்தப் பனியனைப் போடாவிட்டால் நீ தினமும் வந்து யாரைப் பார்ப்பாய், அதையும் யோசித்துப் பார் என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் அதை வருஷம் முழுக்க யோசித்திருந்தாள்.

"நீங்க போடுங்க," என்றாள். "நான் பாத்துக்கறேன்."

மாசிமகத்துக்கு மறுநாள் சாயங்காலம் ஊரே வேலியைச் சுற்றி நின்றது. நடுக்கோட்டில் பனியன்கள் கிடந்தன. கலியவரதன் பெயர் இல்லை, அவன் வரிசையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பார்த்துவிட்டு, மற்றவர்கள்போல வீட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றான். தோப்பிலிருந்து நான்கு பேரும் வந்துகொண்டிருந்தார்கள். அப்போது அஞ்சலாட்சி செருப்பைக் கழற்றிவிட்டு, வேலிக்கடியில் குனிந்து, எந்தப் பொம்பளையும் கால் வைத்திராத அந்தக் களத்துக்குள் நடந்துபோனாள். சிகாமணியின் பனியனைக் குனிந்து எடுத்து இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். யாராவது தடுப்பார்கள் என்று ஒவ்வொருத்தரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டோம்.

சிகாமணி களத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நடுக்கோட்டுக்கு வந்தான். தன் பனியன் கிடக்க வேண்டிய இடத்தைப் பார்த்தான், அங்கே இரண்டு கால்கள் நின்றன. அந்தக் கால்களைப் பார்த்தான். அவனுக்கு மண்ணில் எத்தனையோ கால்கள் தெரியும், இந்தக் கால்களும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு வருஷத்தில் முதல்முறையாக அவன் தலையை நிமிர்த்தி ஒரு மனுஷ முகத்தைப் பார்த்தான். அவன் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டால் அஞ்சலாட்சி பனியனைக் கொடுத்துவிடுவாள் என்று எங்களுக்குத் தோன்றியது, அவளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

"நான் அவுட்டா?" என்று கேட்டான்.

எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லாத பதில் அது. வெள்ளிக்கிழமை வரச் சொல்லலாம், மழையைப் பற்றிப் பேசலாம். அவள் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாங்க."

"எப்ப?"

"போன வருஷப் பொங்கலுக்கே."

அவன் தலையை ஆட்டினான். நியாயமான நடுவர் சொன்னதைக் கேட்டுக்கொள்கிற ஆட்டக்காரன்போல, மறுபேச்சுப் பேசாமல் திரும்பி நடந்து, கோட்டைத் தாண்டி, அவுட்டானவர்கள் உட்காருகிற இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மற்ற மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களிடமும் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. எடுத்த பனியன்களைக் கீழே போட்டுவிட்டு அவர்களும் போய் வரிசையாகச் சிகாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், கெடிலக்கரைப் பையன் மட்டும் வலது ஓரம் கேட்டு மாறி உட்கார்ந்தான். மகனைத் தினமும் பார்க்க வருகிற அந்தத் தாய் வேலியோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அஞ்சலாட்சியைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மேனேஜர் நின்ற இடத்திலேயே நின்றார். அஞ்சலாட்சி பனியனைக் கொழுந்தனிடம் நீட்டினாள். வெள்ளைப் பனியனின் நெஞ்சில், கொட்டகையிலிருந்து கை துடைக்காமல் வந்திருந்த அவளுடைய பத்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. அவன் வாங்கி மாட்டிக்கொண்டான். அவன் தலை வெளியே வருகிறவரைக்கும் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு திரும்பிக் கோட்டுக்கு வெளியே பார்த்தபோது அங்கே ஒருவரும் இல்லை. உட்கார்ந்த இடத்தில் மண்கூடக் கலையவில்லை.

கலியவரதன் பிழைத்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். சோறு கேட்டுச் சாப்பிடுகிறான், கூப்பிட்டால் திரும்புகிறான், மருந்து டப்பா பக்கத்து வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டது. குழு பழையபடி தோற்கத் தொடங்கியது. அரிசி மில்காரன் குழுவில் இன்னும் ஐந்து பேர் செத்தவர்கள், அவர்களிடம் சொல்ல அந்த ஊரில் ஆளில்லை. தணிகாசலம் அஞ்சலாட்சியைப் பார்த்தால் தெருவை மாறிப் போகிறார். நாங்கள் அவளை வையவும் இல்லை, பாராட்டவும் இல்லை, அவளிடம் மழையைப் பற்றிப் பேசுகிறோம். கொட்டகை விட்டதும் அவள் களத்துக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை, அதே இடத்தில் நின்று வேலியைப் பிடித்துக்கொள்கிறாள். பனியனை இப்போதும் அவள்தான் துவைக்கிறாள், இப்போது அதில் வேர்வை நாறுகிறது, இரண்டு தண்ணீர் அலச வேண்டியிருக்கிறது. அவளுடைய விரல் கறை மட்டும் போகவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் களத்திலேயே போட்டி வைத்தோம். முதல் ஆட்டத்தில் எதிரணிக்காரன் இடது மூலைப் பக்கம் காலை நீட்டினான், கலியவரதன் விழுந்து பிடித்தான், கால் நழுவியது, விடாமல் மறுபடி பிடித்தான், இரண்டு பேரும் புழுதியில் உருண்டார்கள், நடுவர் விசில் ஊதினார். அது அவன் வாழ்க்கையின் முதல் பிடி. ஊரே கூச்சல் போட்டது. எங்கள் ஏழு பேரும் களத்துக்குள்ளேயேதான் இருந்தார்கள், எழுந்து வர வேண்டியவன் என்று வெளியே யாரும் கிடையாது. ஆனால் நடுவர் பழக்கத்தில் அந்தப் பக்கம் கையைத் தூக்கிவிட்டார். கலியவரதன் எதிரியின் காலைப் பிடித்தபடியே தலையைத் திருப்பிக் கோட்டுக்கு வெளியே பார்த்தான். வேலியோரம் நின்ற அஞ்சலாட்சியும் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவர் தூக்கிய கையை இறக்கும்வரை இரண்டு பேரும் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.